மோருக்குப் பிறகு ரசம்

குமரகிரி சாமியின் மடத்தில் மத்தியானம் யார் வந்தாலும் சாப்பாடு உண்டு. சமைப்பது, பரிமாறுவது எல்லாம் அவருடைய சீடர் ஆவுடையப்பன். சாமிக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. சீடருக்கோ பேரன் பேத்தி எடுத்த வயசு. அதனால் சாமியே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். எனக்கு அங்கே இலை போடுகிற வேலை.

அண்ணாச்சி தங்கமான மனுஷன். ஆனால் பந்திக்கு நல்லபெருமாள் என்று ஒருத்தர் வருவார். அந்த ஒருத்தர் போதும், அண்ணாச்சியின் உயிரை வாங்க.

சாம்பார், பிறகு ரசம், கடைசியில் மோர். ஊர் உலகத்தில் இதுதானே வரிசை? ரச வாளி வரும்போது நல்லபெருமாள் இலைக்குக் குறுக்கே கையை நீட்டி, "வேண்டாம், போதும்" என்பார். வாளி அடுக்களைக்குப் போய்விடும். மோர் வரும். மோர்ச் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்த பிறகு நிமிர்ந்து பார்ப்பார்.

"கொஞ்சம் ரசம்?"

தினமும், ஐயா, தினமும்! ஏன் இப்படி என்று நானே ஒருநாள் கேட்டுவிட்டேன். "மோரைப் பார்த்தாத்தான் எனக்கு ரச ஞாபகம் வருது" என்றார். இந்த ஆளை என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள்.

ஒருநாள் அண்ணாச்சி மோர் வாளியை ணங்கென்று கீழே வைத்தார்.

"ஓய், உமக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்கா? ஓசிச் சோத்துக்கு வந்த எடத்துல என்னய்யா ராஜ உபசாரம் கேக்குது?"

பாதிச் சோறு இலையில் கிடக்க, நல்லபெருமாள் அதை எதிர்ப்பக்கமாக மடித்துவிட்டு எழுந்து போனார். சாவு வீட்டில்தான் அப்படி மடிப்பார்கள். அவருக்கோ நாளுக்கு அந்த ஒரு வேளைதான் சாப்பாடு.

எங்கள் மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பாதிச் சாப்பாட்டில் யாராவது எழுந்து போனால், அவர் திரும்பி வந்து வயிறாரச் சாப்பிடும்வரை மடத்துச் சாமி பச்சைத் தண்ணீர் தவிர எதையும் தொடக்கூடாது. சாமி தனக்கு வைத்திருந்த இலையை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் நல்லபெருமாள் வரவில்லை. சாமிக்குக் கண் உள்ளே போய்விட்டது. அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை.

"என்னால நீங்க பட்டினி கிடக்கீங்க சாமி. என்னை மடத்தை விட்டு அனுப்பிடுங்க."

"அனுப்பிட்டா யாரு சமைப்பா?"

"கோபம் வந்துடுதே, நான் என்ன செய்ய?"

"எப்போ வரும்னு தெரியுமா?"

"தெரியாம என்ன? மோர் வாளியோட அந்த ஆள் இலைகிட்டப் போகணும். வாயைத் தொறப்பார். வந்துடும்."

"நாளைக்கு அவர் வந்தாலும்?"

"நாளைக்கும்தான். இதுல என்ன சந்தேகம்?"

"இவ்வளவு கரெக்டாத் தெரிஞ்சிருந்துமா தினமும் மாட்டிக்கிறீங்க?"

அண்ணாச்சிக்குச் சுருக்கென்றது. "அவர் கேக்குறதாலதான சாமி வருது! அவர் ரசம் கேக்கலைன்னா எனக்கு எதுக்குக் கோபம் வரப்போகுது?"

"சரி. கேக்க வேண்டாம்னு சொல்லிடுவோம்."

சாமியே நல்லபெருமாள் வீட்டுக்கு நடந்து போனார், வெயிலில், வெறும் வயிற்றோடு. என்ன பேசினாரோ, அடுத்த நாள் பந்திக்கு மனுஷன் வந்துவிட்டார்.

ரசம் வந்தது. "வேண்டாம், போதும்."

மோர் வந்தது. அண்ணாச்சி ஊற்றினார். நல்லபெருமாள் பிசைந்தார், ஒரு வாய் வைத்தார், நிமிர்ந்தார். அண்ணாச்சியைப் பார்த்தார். மறுபடி குனிந்துகொண்டார்.

அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேசவில்லை.

அண்ணாச்சியின் காது சிவந்தது. கரண்டியை வாளிக்குள் ஓங்கிப் போட்டதில் மோர் தரையில் சிந்தியது.

"கேளுமய்யா! கேட்டுத் தொலையும்! வாயில என்ன கொழுக்கட்டையா?"

நல்லபெருமாளின் கை இலை ஓரத்துக்குப் போனது. இவர் மடித்துவிட்டால் சாமி இன்னும் எத்தனை நாளைக்குப் பட்டினி கிடப்பார்?

தூண் பக்கம் நின்றிருந்த சாமி கேட்டார்:

"அண்ணாச்சி, அவர் என்ன கேட்டார்?"

"ஒண்ணும் கேக்கல."

"அப்புறம் கோபம் எப்படி வந்துச்சு?"

"வாளியைத் தூக்கும்போதே வந்துடுச்சு சாமி."

"அதுக்கு முந்தி?"

"அவர் வந்து உக்காந்ததைப் பாத்தேன். அப்பவே லேசா..."

"அதுக்கும் முந்தி?"

அண்ணாச்சி குரலைத் தாழ்த்திச் சொன்னார். "காலையில ரசத்துக்குப் புளி கரைக்கும்போதே ஆரம்பிச்சிடும் சாமி. இன்னைக்கு அவர் இப்படிக் கேட்டா நான் இப்படிச் சொல்லணும், அதுக்கு அவர் அப்படிச் சொன்னா நறுக்குன்னு இப்படிக் கேக்கணும்னு... தினமும் அவர்கூடச் சண்டை போட்டுக்கிட்டேதான் கரைப்பேன்."

"ஐயோ, அந்நேரம் நான் படுக்கையை விட்டே எந்திரிச்சிருக்க மாட்டேனே!" என்றார் நல்லபெருமாள் பரிதாபமாக.

பந்தியே சிரித்துவிட்டது. அண்ணாச்சியும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சிரித்தார். அடுக்களைக்குப் போய் ரச வாளியைத் தூக்கி வந்தார். கோபத்தின் மிச்சம் இன்னும் இருந்தது. வாளியைப் பிடித்தபடி கொஞ்சம் நின்று, அது அடங்கட்டும் என்று காத்திருந்தார்.

"ஊத்தட்டுமா?"

"கொஞ்சமா."

நல்லபெருமாள் ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டு, இலையைத் தன் பக்கமாக மடித்தார். போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது.

பிறகு சாமிக்கு இலை போட்டேன். அண்ணாச்சி பார்த்துப் பார்த்துப் பரிமாறினார். ரசச் சோற்றை ஒரு வாய் வைத்ததும் சாமி நிமிர்ந்தார்.

"அண்ணாச்சி, ரசத்துல உப்பு இல்லை."

"போட்டேனே சாமி?"

"எப்போ போட்டீங்க?"

அண்ணாச்சி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார். சண்டைக்கு எடுத்து வைத்திருந்த பதில் ஒவ்வொன்றும் அவருக்கு ஞாபகம் இருந்திருக்கும். உப்பு போட்டது மட்டும் ஞாபகம் வரவில்லை.

"இத்தனை பேர் சாப்பிட்டாங்க சாமி. ஒருத்தராவது சொல்லியிருக்கலாமே!"

"உங்ககிட்டயா?" என்றார் சாமி.

முற்றத்தில் கை கழுவிக்கொண்டிருந்தவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நானும்தான். அண்ணாச்சி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அப்படியே சாமியின் இலைக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நாளைக்குக் காலையில புளி கரைக்க உக்காரும்போது நான் என்ன செய்யணும் சாமி?"

சாமி இலை ஓரத்திலிருந்த உப்பை எடுத்துச் சோற்றில் சேர்த்துப் பிசைந்தார்.

"புளியைக் கரைங்க, அண்ணாச்சி."