நேரமில்லை என்ற நூற்றுப் பத்துப் பேர்

நிரோஷாவுக்கு எதையும் சதவீதத்தில் சொன்னால்தான் திருப்தி. இறுதியாண்டு மருத்துவ மாணவி அல்லவா! உடலுறவால் பரவும் வைரஸால் வரும் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசி பற்றித் தன் கல்லூரி மாணவிகள் நூற்றைம்பது பேரிடம் படிவம் கொடுத்து நிரப்பி வாங்கியிருந்தாள். அந்தக் கட்டோடு மகளிர் மருத்துவப் பேராசிரியை சந்திரமதியின் முன்னால் வந்து நின்றாள்.

"மேடம், தொண்ணூறு சதவீதம் பேருக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. போட்டுக்கிட்டவங்க எட்டு சதவீதம்தான். தெரிஞ்சவங்களே ஏன் மேடம் போட்டுக்கல?"

"என்ன காரணம் எழுதியிருக்காங்க?"

"நேரமில்லைன்னு. நூத்திப் பத்துப் பேர்."

"ஊசிக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு நிமிஷம். அப்புறம் கால் மணி நேரம் உட்காரச் சொல்லுவாங்க."

"போன வாரம் புதுப்படத்துக்கு எத்தனை பேர் போனீங்க?"

நிரோஷா சிரித்துவிட்டாள். "ஹாஸ்டலே காலி மேடம்."

"நீ ஊசி போட்டுக்கிட்டியா?"

சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"இல்ல மேடம். அம்மாகிட்ட கேட்டேன். கல்யாணத்துக்கு முன்னாடி உனக்கு எதுக்குடி அந்த ஊசி, வெளிய தெரிஞ்சா நாலு பேர் என்ன நினைப்பாங்கன்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. விட்டுட்டேன்."

சந்திரமதி ஒரு படிவத்தை உருவிப் பார்த்தார். விலை, பக்க விளைவு, நேரமின்மை, தேவையின்மை என்று நான்கு காரணங்கள் இருந்தன. பிடித்ததில் டிக் போட வேண்டியதுதான்.

"உங்கம்மா சொன்னது இதுல எங்க இருக்கு?"

"இல்ல மேடம். அதை எழுத எனக்கே வெட்கமா இருந்துச்சு."

சந்திரமதி மணியை அடித்தார். பேச்சியம்மாள் என்ற பெண் பதின்மூன்று வயது மகளோடு உள்ளே வந்தாள். பள்ளி முகாமில் மகளுக்கு இந்த ஊசி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவள். பேசிப் பார்க்கலாம் என்று பேராசிரியைதான் வரச் சொல்லியிருந்தார்.

"நிரோஷா, நீ பேசு."

நிரோஷா வைரஸில் ஆரம்பித்தாள். எத்தனை வகை, எத்தனை சதவீதம், எத்தனை ஆண்டுப் பாதுகாப்பு. பேச்சியம்மாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

"சரிம்மா. இப்ப நேரமில்ல. பரீட்சை லீவுல பார்த்துக்கிடுதோம்."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். நிரோஷாவும் சட்டென்று எழுந்தாள். இவள் இப்போது போனால் திரும்பி வரமாட்டாள்.

"அக்கா, ஒரு நிமிஷம். நாலு பேர் ஏதாவது பேசுவாங்கன்னு பயப்படுறீங்களா?"

பேச்சியம்மாள் வாசலைப் பார்த்தாள். பிறகு மெல்ல உட்கார்ந்தாள்.

"எங்க அத்தை கேட்காங்கம்மா. வயசுப் பிள்ளைக்கு இந்த ஊசி எதுக்கு, அவளை யாரு கட்டுவான்னு. அதான் வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டேன்."

"எங்கம்மாவும் இதையேதான் சொன்னாங்க அக்கா."

பேச்சியம்மாளின் முகம் மலர்ந்தது. டாக்டருக்குப் படிக்கிற பிள்ளை வீட்டிலும் இதே கதைதானா! நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அப்புறம் நீ என்னம்மா செஞ்ச?"

நிரோஷா திரும்பிப் பேராசிரியையைப் பார்த்தாள்.

"என்னை ஏன் பார்க்கிற?" என்றார் சந்திரமதி. "அவங்க உன்னைத்தானே கேட்கிறாங்க."