அண்டாவுக்குள்ள சின்னராசா

ஒரு ஊர்ல ஒரு அண்டா இருந்துச்சு. ஏட்டி பெனிட்டா, சிரிக்காத. ராசா இல்ல, அண்டாதான். வேதக்கோயில் அண்டா. வருஷத்துக்கு ஒருநாள் கோயில்ல அசனம் வைப்பாங்கல்லா, ஊரே வரிசையா உக்காந்து சாப்பிடுமே, அதுக்குக் கோழிக்குழம்பு வைக்கிற அண்டா. உன்ன மாதிரி பத்துப் பிள்ளைங்க உள்ள ஒளியலாம். அடிப்பக்கம் உருண்டையா இருக்கும். அதை மட்டும் மறந்துராத. எங்க, "ம்" கொட்டு.

ஆங், அப்படித்தான்.

அப்போ கடலுக்கு அந்தப் பக்கம் பெரிய சண்டை. டமால் டமால்னு குண்டு விழுது. சனங்க பாவம், வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுட்டுத் தோணி ஏறி வந்தாங்க. நம்ம வேதமாணிக்கம் போதகரு கோயில்ல எந்திரிச்சு, "ஒரு குடும்பத்தை நம்ம சபை ஏத்துக்கிடுவோமா?"ன்னாரு. "ஏத்துக்கிடுவோம்!"னு எல்லாரும் கத்துனாங்க. வீடு தாரோம், சோறு தாரோம், பிள்ளையப் பள்ளிக்கூடத்துல சேக்கோம்னு தாள்ல எழுதி, அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டு சர்க்காருக்கு அனுப்பிட்டாங்க.

அப்புறம் அந்தக் குடும்பம் வந்துச்சு. ஒரு அப்பா, ஒரு அம்மா, தனுஜான்னு உன் வயசுல ஒரு பிள்ள. அந்தப் பிள்ள கக்கத்துல ஒரு செவப்புச் சேவல். பேரு சின்னராசா. ஊர்ல இருந்து அந்தப் பிள்ள கொண்டு வந்தது அது ஒண்ணுதான். வந்து நாலு நாளாச்சு, யாருகிட்டயும் ஒரு வார்த்தை பேசல. சேவல் காதுல மட்டும் குசுகுசு குசுகுசுன்னு பேசும். சேவலுக்குக் காது எங்க இருக்குன்னு என்னைக் கேக்காத, எனக்குத் தெரியாது.

சரி, வந்தவங்களுக்கு விருந்து வைக்கணும்னு அந்த வருஷம் அசனத்தை முன்னாடியே வச்சாங்க. வீட்டுக்கு ஒரு சேவல் குடுக்கணும், அது அந்தக் கோயில் வழக்கம். மணி அடிக்கிற குணமுத்து சாக்கைத் தூக்கிக்கிட்டு வீடு வீடாப் போனாரு. கொக்கொக்கொக்... சாக்குல ஒண்ணு. கொக்கொக்கொக்... ரெண்டு. கடைசியா தனுஜா வீடு. வாசல்ல சின்னராசா கட்டிக் கெடக்கு. குணமுத்துக்கு அப்படியே மனசு குளுந்து போச்சு. "அடடே, வந்து நாலு நாள்தான் ஆச்சு, அதுக்குள்ள நம்ம வழக்கத்தைப் படிச்சுட்டாங்களே!"ன்னு சொல்லி, அதையும் சாக்குக்குள்ள போட்டுட்டாரு. கூறுகெட்ட மனுஷன்! வாய் தொறந்து ஒரு வார்த்தை கேட்டா என்னவாம்?

அப்புறம் நாப்பது சேவலையும் கோயில் சாமான் ரூமுக்குள்ள விட்டு அடைச்சாரு. அங்க சுவருக்கு அடிக்க நாலு வாளி சுண்ணாம்புத் தண்ணி. சேவலுங்க சும்மா இருக்குமா? தடால்! சளார்! கதவைத் தொறந்தா நாப்பதும் வெள்ளவெளேர்னு நிக்கி.

அப்போ தனுஜா ஓடி வந்துச்சு. அழல, கத்தல. அண்டாவைப் பாத்துச்சு. கீழ எரியுறதுக்கு அடுக்குன விறகைப் பாத்துச்சு. வெள்ளையா நிக்கிற நாப்பதையும் பாத்துச்சு. கையில சேவலைக் கட்டுன கயிறு மட்டும் இருக்கு. குணமுத்துக்கு விஷயம் புரிஞ்சு, தலையில கையை வச்சு அப்படியே உக்காந்துட்டாரு. சமையல் பண்ற அன்னப்பழத்தக்கா கரண்டியக் கீழ போட்டாங்க. "அந்தப் பிள்ள சேவலு கெடைக்காம நான் அடுப்புப் பத்த வைக்க மாட்டேன்"ன்னாங்க.

மொதல்ல குணமுத்து கூப்பிட்டுப் பாத்தாரு. "சின்னராசாஆஆ!" நாப்பது தலையும் டக்குனு திரும்புச்சு.

அப்புறம் போதகரு, "கடல் தாண்டி வந்த சேவலு, ரொம்பப் பசியா இருக்கும். அரிசியப் போடுங்க, மொதல்ல ஓடி வாறது அதுதான்"ன்னாரு. போட்டாங்க. கொத்து கொத்து கொத்துனு நாப்பதும் ஒண்ணா விழுந்து தின்னு தீத்துட்டு, போதகரு செருப்பு வாரையும் கொத்த ஆரம்பிச்சுட்டு. அவரு ஒத்தக் கால்ல குதிக்காரு, டொய்ங் டொய்ங்னு.

தூங்கிட்டியா? ம்? இரு, இனிதான் இருக்கு.

அப்போ ஒரு சின்னக் குரல். "ஆட்டிப் பாருங்கோ."

யாருன்னு பாத்தா தனுஜா! "தோணி ஆடினது. எல்லாரும் அழுதவை. சின்னராசா மட்டும் என்ட மடியில நித்திரை கொண்டவன். ஆடினா அவன் நித்திரை கொள்ளுவான்."

அவ அம்மா வாயைப் பொத்திக்கிட்டு, "என்ட பிள்ளை கதைச்சிட்டாள்"ன்னு அழுதுட்டாங்க.

ஆனா தோணிக்கு எங்க போக? அது பனங்காட்டு ஊரு. சுத்திப் பாத்தா அண்டா! அடி உருண்டை, சொன்னேன்லா? நாப்பதையும் தூக்கி உள்ள போட்டாங்க. அந்தப் பக்கம் நாலு பேரு, இந்தப் பக்கம் நாலு பேரு. ஏலேலோ டங்கு! ஏலேலோ டிங்கு! ஐயோ, பயந்து போச்சுங்க. படபடபடன்னு ஒவ்வொண்ணாப் பறக்குது. ஒண்ணு பனைமரத்துல, ஒண்ணு கோயில் கூரையில, ஒண்ணு போதகரு தலையில. அன்னப்பழத்தக்கா நெஞ்சுல அடிச்சுக்கிட்டு, "ஐயோ, குழம்பு பறக்குதே! புடிங்க, குழம்பு பறக்குதே!"ங்காங்க.

கடைசியில படபடப்பு அடங்கிருச்சு. எல்லாரும் மெதுவா உள்ள எட்டிப் பாத்தாங்க. அண்டா நடுவுல ஒண்ணே ஒண்ணு. காலை மடக்கி, கழுத்தை உள்ள இழுத்து... கொர்ர்ர்... கொர்ர்ர்...

தனுஜா உள்ள குதிச்சு அதை அப்படியே கட்டிக்கிட்டு. மூக்கெல்லாம் சுண்ணாம்பு.

அன்னைக்கு அசனத்துக்கு வெறும் கத்தரிக்கா சாம்பார்தான். மொனங்கிக்கிட்டேதான் தின்னாங்க. தனுஜா மட்டும் மூணு தடவ வாங்கிச் சாப்பிட்டுச்சு.

அதுல இருந்து அந்தக் கோயில்ல வீட்டுக்கு ஒரு சேவல் கெடையாது, வீட்டுக்கு ஒரு கூடை கத்தரிக்காதான். ஒவ்வொரு வருஷமும் குணமுத்து சாக்கோட வருவாரு. தனுஜா வீட்டு வாசல்ல சின்னராசா வந்து நெஞ்ச நிமித்தி நிக்கும். இவரு சாக்கைத் தொறந்து காட்டி, "ஐயா, கத்தரிக்காய்க்குத்தான் வந்தேன். உள்ள கேட்டுச் சொல்லுங்க"ன்னு அதுகிட்ட உத்தரவு கேட்டுட்டுத்தான் படி ஏறுவாரு.

ஏட்டி? பெனிட்டா? மடிய ரெண்டு ஆட்டு ஆட்டுனதும் கொர்ரா? நீயும் தோணியில வந்தவதான் போல. சரி, அண்டாவைக் கவுத்தாச்சு, கதையும் காலி. தூங்கு, என் சின்னராசா.