நாணலை அறுத்தவர்

உப்பங்கழிக்குக் கடல் தண்ணீர் வருகிற வாய்க்காலை நாணல் அடைத்துவிட்டது. எங்கிருந்தோ வந்த நாணல். நாலே வருடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் நின்றது.

அந்த வாய்க்காலில் இறால் பிடித்துப் பிழைக்கிற பெண்கள் பதினோரு பேர். ஓலையில் முடைந்த பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு முங்கி, சேற்றைக் கையால் துழாவிப் பிடிப்பார்கள். இப்போது இறங்க வழியில்லை.

பஞ்சாயத்துத் தலைவர் சொல்லிவிட்டார்: "கார்த்திகை பொறக்குறதுக்குள்ள தெறக்கலேன்னா மருந்து அடிச்சிருவோம்."

மருந்து அடித்தால் நாணல் சாகும். இறாலும் சாகும்.

கரையில் ஒரு மடம். மடத்தில் ஒரு சாமியார். அவருக்கு ஒரே சீடர், வேதமூர்த்தி. பாசன இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவைவிட மூன்று வயது மூத்தவர். நான் திறந்து தருகிறேன் என்று தலைவரிடம் வாக்குக் கொடுத்துவிட்டார்.

அறுத்தார். தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, நூல் பிடித்ததுபோல. பதினைந்து நாளில் முளைத்தது. வேரோடு பிடுங்கினார். அறுந்து விழுந்த துண்டெல்லாம் தனித்தனியாக முளைத்தது.

சாமியாரிடம் போனார்.

"சாமி, வேரை எப்படி ஒழிக்கிறது?"

"வேர் உன்னை என்ன பண்ணுச்சு?"

"அதுலேருந்துதானே முளைக்குது?"

"விடு."

"வேரை விட்டா...?"

"ஒரு தண்டு ஒடிச்சிட்டு வா."

ஒடித்து வந்தார். சாமியார் கம்பியை விட்டுக் கணுக்களைக் குத்தி எடுத்தார். தண்டு குழலாயிற்று. அதைக் கொடுத்துவிட்டு வாய்க்காலுக்கு நடந்தார். அங்கே தான் அறுத்து வைத்த சிறு இடைவெளியில் இறால் துழாவிக்கொண்டிருந்தாள் சிங்காரி, அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி.

"இறங்கு வேதமூர்த்தி. குழலை வாயில வை. மூக்கைப் பிடிச்சுக்க. முங்கு."

"எதுக்கு சாமி?"

"முங்குய்யா."

முங்கினார். குழல் மட்டும் வெளியே நின்றது. அதன் வழியாக மூச்சு புஸ் புஸ்ஸென்று வந்து போயிற்று.

"சிங்காரி, அதை அறு. இவரு அறுக்குற மாதிரி."

தண்ணீருக்கு ஒரு சாண் மேலே அறுத்தாள். மூச்சு வந்து போயிற்று.

"இப்ப நீ அறுக்குற மாதிரி."

சிங்காரி அரிவாளைத் தண்ணீருக்குள் விட்டாள். "இன்ஜினியரையா கோவிச்சுக்கக் கூடாது" என்றாள். அறுத்தாள்.

வேதமூர்த்தி அலறிப்புடைத்து எழுந்தார். வாயிலும் மூக்கிலும் உப்புத் தண்ணீர். இருமி முடிக்க நேரமாயிற்று.

"கொல்லப் பாத்தியேம்மா."

"மேல தண்டை விட்டுட்டுப் போனா அது மூச்சு விடத்தானே செய்யும்? கீழ அறுத்தாத் தண்ணி தண்டுக்குள்ள எறங்கிரும்."

"உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லலை?"

"நீங்க நூல் பிடிச்ச மாதிரி அறுத்தீங்க. பாக்க நல்லாருந்துச்சு."

அன்றிலிருந்து வேதமூர்த்தி சிங்காரியோடு முங்கினார். சேற்றை ஒட்டி அறுத்தார். ஐப்பசி மழையில் தண்ணீர் ஏறி, அறுத்த அடித்தண்டுகளை இன்னும் ஆழமாக மூடியது. பதினைந்து நாள் ஆயிற்று. முளைக்கவில்லை. இருபது நாள் ஆயிற்று. முளைக்கவில்லை.

கார்த்திகை முதல் தேதி தலைவர் மருந்துக் குப்பியும் ஆளுமாக வந்தார். வாய்க்காலில் பாதி திறந்து கிடந்தது. ரொம்ப நேரம் பார்த்தார்.

"தை வரைக்கும் விடுறேன். மிச்சத்தையும் முடிக்கணும்" என்று ஆளைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனார்.

வேதமூர்த்தி ஈரம் சொட்டச் சொட்டக் கரையேறினார். முகத்தில் சந்தோஷம் இல்லை.

"சாமி, எனக்கு ஒண்ணும் புரியல. வேர் உள்ளதான் கெடக்கு. நான் தொடவே இல்லை. அப்ப நான் எதைத்தான் அறுத்தேன்?"

சாமியார் கீழே கிடந்த அரிவாளை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"சரி, கீழ அறுன்னு மொத நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா எழுதி வச்சிருப்பே" என்றார் சாமியார். "இன்னும் பாதி நிக்குது. போய் முங்கு."