அம்மைத் தழும்பு

அரசருக்கு அம்மை போட்டிருந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் ஊர் நம்பவில்லை. அவர் இறந்துவிட்டார், அரண்மனை மறைக்கிறது என்று சந்தையெல்லாம் பேச்சு. கடைகள் அடைத்துக் கிடந்தன. பிரபுக்கள் ஆள் சேர்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

செப்புத் தகட்டில் முகம் செதுக்கி அச்சிடுவதில் கொர்னேலியாவுக்கு இணை அந்த வடநாட்டு நகரில் யாரும் இல்லை. அவளை அரண்மனைக்குக் கூட்டிப்போய் அரசரை நேரில் காட்டினார்கள். வெளியே வந்ததும் அதிகாரி சொன்னார்:

“அரசர் உயிரோடு இருக்கிறார் என்று படத்தைப் பார்த்து ஊர் நம்ப வேண்டும். ஆனால் ஒரு தழும்புகூடத் தெரியக் கூடாது. தெரிந்தால் உன் கை உனக்கில்லை.”

அவளுடைய சீடர் லாம்பர்ட் அவளைவிட மூத்தவர். நகை வேலையை விட்டுவிட்டு அவளிடம் கற்க வந்தவர். வழவழப்பான முகத்தோடு அச்சான முதல் படத்தைச் சந்தைக்கு எடுத்துப்போனார். திரும்பி வந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

“என்ன சொன்னார்கள்?”

“‘இது பழைய படம். ஆள் போய்ச் சேர்ந்தாயிற்று’ என்கிறார்கள் அம்மா. ஒருவன் கல்லையே எடுத்துவிட்டான்.”

கொர்னேலியா தகட்டைத் தன் பக்கம் இழுத்தாள். உளியை எடுத்தாள்.

“வேண்டாம் அம்மா! கை போய்விட்டால் என்ன செய்வீர்கள்?”

“கதவைச் சாத்துங்கள்.”

அவள் அரசரின் கன்னத்தில் செதுக்கினாள். பிறகு நெற்றியில். தெருவில் குளம்புச் சத்தம் கேட்டபோதெல்லாம் லாம்பர்ட் எழுந்து நின்றார்.

மறுநாள் காலை அதிகாரி வந்தார். புதிய படத்தைப் பார்த்தார். வாசலில் காவல் நிறுத்திவிட்டு, படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

லாம்பர்ட் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தார். கொர்னேலியா மை அரைத்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அதிகாரி திரும்பினார். குரல் தணிந்திருந்தது.

“நோய் கண்டதிலிருந்து அரசர் கண்ணாடி பார்க்கவில்லை. உன் படத்தில்தான் தன் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ‘ஊரும் பார்க்கட்டும்’ என்றார்.”

காவல் விலகியது. சில நாட்களில் படம் சுவருக்குச் சுவர் ஒட்டப்பட்டது. சந்தைப் பெண்கள் அதைத் தடவிப் பார்த்து, “பாவம், என்ன பாடு பட்டிருக்கிறார்” என்றார்கள். கடைகள் திறந்தன.

லாம்பர்ட் கேட்டார்: “உங்களுக்குப் பயமே வரவில்லையா அம்மா?”

கொர்னேலியா படத்தில் மூக்கின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள்.

“இந்தத் தழும்பு மட்டும் அரசருக்குக் கிடையாது. என் கை நடுங்கிவிட்டது.”