பனங்காடை மூடி வைத்த நீலம்

பறவையும் பூச்சியும் ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்குப் புரிய வாழ்ந்த அந்தக் காலத்தில், பறவைகளுக்கென்று தனித்தனி நிறம் கிடையாது. கோடையில் காய்ந்த கண்மாய் என்ன நிறமோ, அதுதான் எல்லாவற்றுக்கும். கிளி எது, மைனா எது என்பதைக் குரலை வைத்துத்தான் சொல்ல முடியும்.

ஒரு சித்திரை மாதம், யாரும் எதிர்பாராத மழை ஒன்று பெய்து ஓய்ந்தது. வானத்தில் எழுந்த வானவில் சரிந்து கண்மாய்க்குள் விழுந்து கரைந்துவிட்டது. தண்ணீர் ஓரிடத்தில் பச்சையாகவும், ஓரிடத்தில் மஞ்சளாகவும், நடுவே ஆழத்தில் நீலமாகவும் கிடந்தது. செய்தி பரவியதும் பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கின. கிளி பச்சையில் புரண்டு, மூக்கை மட்டும் சிவப்பில் நனைத்துக்கொண்டது. மாங்குயில் மஞ்சளில் முங்கியது. காகம் சாவகாசமாக வந்தபோது அடிவண்டல்தான் மிச்சம்.

பனங்காட்டில் குடியிருந்த சடைச்சி என்ற பனங்காடை நீலத்தில் இறங்கினாள். அவள் புருஷன் வேலாண்டி ஒரு முழுக்குப் போட்டுவிட்டுக் கரையேறி நின்றான்.

"போதும், ஏறி வா புள்ள. பொழுது சாயுது."

"இன்னும் கழுத்துக்குக் கீழே சரியா ஏறலைங்க. நீங்களும் ஒருதரம் இறங்குங்களேன்."

அவனும் இறங்கினான். இருவரும் வெளியே வந்தபோது அலகு நுனியிலிருந்து கால் நகம் வரைக்கும் நீலம். நீலம் இல்லாத இடம் என்று ஒரு கடுகளவு இல்லை.

முதல் பத்து நாள் பனங்காடே அவர்களைப் பார்க்க வந்தது. பதினோராம் நாள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சடைச்சிக்குப் புரியவில்லை. அதே நீலம்தானே? காலையில் இருந்ததுதானே சாயங்காலமும் இருக்கிறது?

அதைவிடப் பெரிய தொல்லை வயிற்றுப்பாடு. பனங்காடையின் வேட்டை சத்தமில்லாத வேட்டை. உயரத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்து, தரையில் ஏதாவது அசைந்தால் விழுந்து கவ்வ வேண்டும். இப்போது அவள் மரத்தில் வந்து அமர்ந்தாலே கீழே வெட்டுக்கிளிகள் ஒன்றுக்கொன்று குரல் கொடுத்தன. "நீலம் உட்கார்ந்திருக்கு. எல்லாரும் உள்ளே போங்க."

ஆடி பிறந்தபோது, தலை முறிந்த மொட்டைப் பனையின் உச்சிக் குழியில் நாலு குஞ்சுகள் இருந்தன. மூத்தது துடுக்கு. எந்நேரமும் குழிக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருக்கும். குஞ்சுகளுக்கு உலகத்தில் தெரிந்த நிறம் ஒன்றே ஒன்று. நீலம் வந்தால் இரை வரும்.

தெரிந்துகொண்டது குஞ்சுகள் மட்டுமல்ல. தூரத்தில் ஒரு வேம்பில் இருந்த வல்லூறும் நாலைந்து நாளாக அந்த நீலம் எந்தப் பனைக்குப் போகிறது, எப்போது திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தது.

ஒரு நண்பகலில் அது கிளம்பியது. சடைச்சி பார்த்துவிட்டாள். "உள்ளே போங்க! உள்ளே போங்க!" என்று அலறிக்கொண்டு பறந்தாள். ஆடிக்காற்று அவள் குரலை வாயருகிலேயே பிடுங்கிக்கொண்டு போயிற்று. மூத்தது அவளைப் பார்த்தது. நீலம் வருகிறது என்று சந்தோஷமாக இன்னும் கொஞ்சம் வெளியே எக்கி, வாயைப் பிளந்தது.

வல்லூறு அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

அன்று முழுவதும் சடைச்சி இரை தேடவில்லை. வேலாண்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அது என்னை நல்லாப் பார்த்துச்சுங்க" என்றாள் அவள். "பயந்து ஒளியட்டும்னு பறந்தேன். சோறு கொண்டுவாரேன்னு நினைச்சுக்கிச்சு."

பிறகு கீழே இறங்கினாள். பனைகளுக்கு அடியில் பழங்கள் விழுந்து பிளந்து, சாறு செம்மண்ணோடு குழைந்து கிடந்தது. அதில் விழுந்து புரண்டாள்.

"என்ன காரியம் செய்யிற? யாருக்குக் கிடைக்கும் இந்த நிறம்?" வேலாண்டி பதறினான்.

"யாருக்கும் வேண்டாம். என் பிள்ளை இருக்கிற இடத்தைக் காட்டிக்கொடுத்த நிறம்."

துக்கத்தில் உடம்பைக் குறுக்கி, சிறகை இறுக்கிக்கொண்டே புரண்டாள். தலையில், முதுகில், நெஞ்சில் எல்லாம் சேறு அப்பிக்கொண்டது. காய்ந்ததும் பிசின்போல ஒட்டி, பழுப்பு நிறத்தில் நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு அவள் வேலாண்டியைப் பனைக்கு அருகில் வரவிடவில்லை. தூரத்தில் அவனிடம் இரையை வாங்கிக்கொண்டு, தாழப் பறந்து வந்து, குஞ்சுகள் பார்க்காத பின்பக்கத்தில் அமர்வாள். சிறகை ஒடுக்கிக்கொண்டு விளிம்பு வழியே நடந்து குழிக்கு வருவாள். மூன்று குஞ்சுகளும் முதலில் மிரண்டன. குரலைக் கேட்டுத் தெளிந்தன. இரண்டு மூன்று நாளில் மண்நிற அம்மா பழகிப்போனாள். வெட்டுக்கிளிகளும் அவள் அமர்ந்திருப்பதை அறியாமல் காலடியிலேயே மேய்ந்தன.

வல்லூறு மறுபடி வந்தது. அன்றும் அதே காற்று. குஞ்சுகள் மூன்றும் விளிம்பில் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. பக்கத்துப் பனையில் இருந்த சடைச்சி கத்தவில்லை. கத்திப் பயனில்லை என்று அவளுக்குத் தெரியும். வல்லூற்றின் மேலேயே போய் விழுவதென்று எழும்பிச் சிறகை விரித்தாள்.

புரண்டபோது மூடியிருந்த சிறகுக்குள் சேறு படவே இல்லை. பழுப்பு உடம்பிலிருந்து நீலம் பளீரென்று வெடித்தது. நீலத்தை மறந்து மண்நிறத்துக்கே பழகிவிட்ட குஞ்சுகள் நடுங்கி, ஒன்றன்மேல் ஒன்றாகக் குழிக்குள் விழுந்து அடியில் பதுங்கின. வல்லூறும் ஒரு கணம் திகைத்தது. விளிம்பைச் சுற்றிப் பார்த்தது, ஒன்றும் இல்லை. காற்றோடு சாய்ந்து போய்விட்டது.

வேலாண்டி மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். "உனக்குள்ளே ஏது இவ்வளவு நீலம்? முன்னே இருந்ததைவிட அதிகமால்ல தெரியுது!"

சடைச்சி ஒரு சிறகை மெதுவாக விரித்துப் பார்த்தாள். பிறகு மூடினாள்.

"அதிகமில்லைங்க. மிச்சம்தான்."

வேலாண்டியும் இறங்கிப் போய், சிறகை இறுக்கிக்கொண்டு, பனம்பழச் சேற்றில் புரண்டான்.

கம்பியிலோ கள்ளிவேலியிலோ மண்கட்டிபோல உட்கார்ந்திருக்கும் பனங்காடையை நாம் கவனிக்காமல் கடந்துபோகிறோம். அது எழும்பினால் மட்டும், வழியில் பேசிக்கொண்டு போகிறவர்கள்கூடப் பேச்சை விட்டுவிட்டு அண்ணாந்து பார்க்கிறார்கள். அந்த ஆடி மாதத்திலிருந்துதான் பனங்காடை அமர்ந்திருக்கும்போது நீலத்தை மூடி வைத்திருக்கிறது. பறக்கும்போது மட்டும் திறக்கிறது.