கஞ்சி வேளையில் நின்ற ராஜா

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்குத் திடீரென்று காதல் வந்தது. அதுவும் சொந்தப் பெண்டாட்டி மேல். அதுவும் கல்யாணமாகி இருபது வருஷம் கழித்து.

அவர் பெயர் மகரவர்மர். கடற்கரை நாடு. ஒரு பக்கம் துறைமுகம், மறுபக்கம் கண்ணுக்கு எட்டிய மட்டும் உப்பளம். இருபது வருஷத்தில் பாதியைப் போரிலும் மீதியை வேட்டையிலும் கழித்துவிட்டு, முட்டிவலி வந்து அரண்மனையில் உட்கார்ந்தபோதுதான் எதிரே ராணி அல்லியங்கோதை உட்கார்ந்திருப்பதை அவர் பார்த்தார். ராணி அவரைப் பார்க்கவில்லை. தாயக்கட்டை உருட்டிக்கொண்டிருந்தாள், தனியாக.

அந்தச் சமயம் பார்த்துச் சீனத்துக் கப்பல் தலைவன் ஒருவன் சபைக்கு வந்தான். நாலு கடல் சுற்றியவன்.

"நீர் போன தேசங்களில் காதலுக்கென்று நாள் கிழமை உண்டா?" என்று ராஜா கேட்டார்.

"உண்டு மன்னவா. எங்கள் நாட்டில் ஏழாம் மாதம் ஏழாம் நாள். வானத்தில் நெசவுக்காரி ஒருத்தியும் மாடு மேய்ப்பவன் ஒருவனும் ஆகாச கங்கைக்கு அக்கரையும் இக்கரையுமாக நிற்கிறார்கள். அன்று மட்டும் பறவைகள் கூடிச் சிறகால் பாலம் போடும். இருவரும் சேர்வார்கள். கீழே எங்கள் பெண்கள் நிலா வெளிச்சத்தில் ஊசிக்கு நூல் கோத்து வேண்டிக்கொள்வார்கள். தெற்கு மலை ஜனங்களில், பெண்கள் சோற்றுக்குச் சாயம் ஏற்றி ஆணுக்குக் கொடுப்பார்கள். உள்ளே இரண்டு குச்சி இருந்தால் சம்மதம். மிளகாய் இருந்தால், வேறு வீடு பார் என்று பொருள். மேற்கே கடைசியில் ஒரு தேசத்தில் ஆண்பிள்ளை மரக்கரண்டியைத் தன் கையால் செதுக்கிப் பெண்ணுக்குக் கொடுப்பான். இங்கே எப்படி?"

சபை விழித்தது. அரண்மனை விகடன் மாடக்கண்ணு மட்டும் எழுந்தான்.

"இங்கும் உண்டு ஐயா. காமனுக்குப் பந்தல் போட்டு விழா எடுப்போம். கடைசி நாள் அவனைக் கொளுத்திவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுப்போம்."

சபை சிரித்தது. பிரதானி அம்பலராயர் சிரிக்கவில்லை. உப்பளத்தில் பிறந்த மாடக்கண்ணு சபையில் உட்காருவதே அவருக்குத் தொண்டையில் முள்.

ராஜா விடவில்லை. எல்லா நாட்டுப் பண்டிகையையும் ஒரே வாரத்தில் கொண்டாடிவிடுவது என்று இறங்கினார். கரண்டி செதுக்கினார், கட்டைவிரல் அறுந்தது. ராணி கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது என்ன, அகப்பைக்கு அம்மை போட்டதா?" என்றாள். முந்நூறு புறாவைப் பிடித்துப் பாலம் போடச் சொன்னார். புறாக்கள் பிரதானியின் தலைப்பாகையை வெள்ளையடித்துவிட்டுப் பறந்தன. கடைசியில் சாயச் சோறு கேட்டு ஒரு வெறும் பானையை ராணிக்கு அனுப்பி வைத்தார். மறுநாள் பானை நிறைய மஞ்சள் சோறு வந்தது. குச்சி இருக்கும் என்ற நம்பிக்கையில் ராஜா சபை நடுவே அள்ளி வாயில் போட்டார். போட்டது பச்சை மிளகாய்.

ராஜாவின் கண்ணில் தண்ணீர் கொட்டியது. எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மாடக்கண்ணுக்கு மட்டும் சிரிப்பு பீறிட்டுவிட்டது.

இதற்காகவே காத்திருந்தவர் போலப் பிரதானி எழுந்தார். "தங்கள் கண்ணீரைக் கண்டு சிரித்தவன், அரசியாரைச் சிரிக்க வைக்கட்டும் மன்னவா! மன்னர் தரவும் அரசியார் மனமுவந்து ஏற்கவும் ஒரு பரிசை அவன் காட்ட வேண்டும். அதைக் கையால் கொடுக்கக் கூடாது. வாயால் சொல்லக் கூடாது. தராசில் வைத்தால் முள் அசையக் கூடாது. ஆனால் கண்ணுக்குத் தெரிய வேண்டும். எந்த நாட்டுப் பண்டிகையிலும் இல்லாததாகவும் இருக்க வேண்டும். முடியாவிட்டால், நாலு நாளில் புறப்படும் இந்தக் கப்பலில் ஏறி, மூன்று வருஷம் தேசம் தேசமாகப் போய்க் காதல் பண்டிகைகளை எழுதிக்கொண்டு வரட்டும்."

வாய் எரிகிற ராஜா என்ன யோசிப்பார்? "அப்படியே ஆகட்டும்!" என்றார்.

மூன்று வருஷம். அதைக் கேட்டதும் மாடக்கண்ணுக்கு நினைவு வந்தது அவன் பெண்டாட்டி பேராச்சியின் கால்.

உப்புத் தண்ணீரில் நின்று நின்று அவள் பாதம் பாளம் பாளமாக வெடித்திருக்கும். அந்த வெடிப்பில் உப்பு இறங்கினால் எப்படி இருக்கும் என்று இறங்கியவர்களுக்குத்தான் தெரியும். தினம் சாயங்காலம் வந்து அவன் புன்னை எண்ணெயைச் சுடவைத்துத் தேய்ப்பான். தேய்த்தால்தான் மறுநாள் அவளால் காலை ஊன்ற முடியும். "நான்தான் சபைக்குப் போகிறேனே, நீ உப்பை விடு" என்று சொல்லிப் பார்த்தான். "உம்ம வாய நம்பி நான் உப்ப விடமாட்டேன். ராஜாவுக்கு ஒரு நாள் சிரிப்பு வரலன்னா அடுப்பு எரியாது" என்றுவிட்டாள்.

இரண்டு நாள் யோசித்தான். ஒன்றும் தோன்றவில்லை. மூன்றாம் நாள் காலையில் கஞ்சிக் கலயத்தை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்கு நடந்தான். பொழுது விடிந்து எட்டு நாழிகை இருக்கும். வெயில் ஏறிவிட்டது.

உப்பளத்தில் மரம் கிடையாது. செடி கிடையாது. மேலே அடிக்கிற வெயில் போதாதென்று கீழே உப்பும் வெயிலைத் திருப்பி அடிக்கும். அதனால் அங்கே ஒரு வழக்கம். கஞ்சி வேளையில் பெண்டாட்டி வரப்பில் உட்கார்ந்து குடிப்பாள். புருஷன் கிழக்கே போய் வெயிலை மறைத்து நிற்பான். பிறகு அவன் உட்காருவான், அவள் நிற்பாள். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. அதற்குப் பெயரும் இல்லை.

பேராச்சி உப்பு வாரும் பலகையைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். மாடக்கண்ணு போய்க் கிழக்கே நின்றான். நின்றபடியே நடந்ததையெல்லாம் சொன்னான்.

அவள் கஞ்சியை வாயில் வைக்காமல் கேட்டாள்.

"மூணு வருசமா?"

"ஆமா பிள்ள."

"போயிட்டு வாரும். சீனத்துக்காரி எவளாவது கத சொல்ல உம்ம மாதிரி ஆள் இல்லாம அழுதுட்டு இருப்பா."

சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டாள். கலயத்துக்குள் என்ன விழுந்தது என்று மாடக்கண்ணுக்குத் தெரிந்தது. கிட்டப் போவதற்காக ஓர் அடி எடுத்து வைத்தான்.

"அசையாதேயும்! மூஞ்சியில வெயில் அடிக்கு. நிக்கச் சொன்னா மரம் மாதிரி நிக்கணும். மரம்னா இப்படிக் கைய ஆட்டாது, வாயும் பேசாது."

மாடக்கண்ணு அப்படியே நின்றான். தன் நிழலைப் பார்த்தான். அது அவள் தலையில் விழுந்து, தோளில் இறங்கி, வெடித்த பாதம் வரை கிடந்தது.

"ஏ பிள்ள!" என்று கத்திக்கொண்டு ஒரே ஓட்டமாக அரண்மனையைப் பார்த்து ஓடினான்.

"ஏய்! வெயிலு! வெயில மறைச்சிட்டுப் போம்வே!" என்று அவள் போட்ட சத்தம் நாலு பாத்தி தள்ளிக் கேட்டது.

மறுநாள் அதே எட்டு நாழிகைக்கு ராஜாவும் ராணியும் உப்பளத்துக்கு வந்தார்கள். சபை முழுக்கப் பின்னால் வந்தது. பிரதானி தராசோடு வந்தார். வேடிக்கை பார்க்க அவர் மனைவி உண்ணாமுலையும் வந்திருந்தாள். கப்பல் பாய் விரித்து நின்றது, மாடக்கண்ணுக்காக.

மாடக்கண்ணு முதல் வேலையாக வெண்கொற்றக் குடை பிடிப்பவனைத் தூரப் போகச் சொன்னான். வரப்பில் ஒரு ஓலைத் தடுக்கைப் போட்டு ராணியை உட்கார வைத்தான். பேராச்சி ஒரு கலயம் கஞ்சியும் சுட்ட கருவாடும் வைத்தாள். வெயில் ராணியின் முகத்தில் சுள்ளென்று விழுந்தது.

"மன்னவா, இப்படிக் கிழக்கே வாருங்கள். கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். வாயை மூடிக்கொள்ளுங்கள். அரசியார் சாப்பிட்டு முடிக்கும் வரை நில்லுங்கள். அவ்வளவுதான்."

ராஜா நின்றார். அவர் நிழல் நீண்டு போய் ராணியின் மேல் விழுந்தது.

ராணி நிமிர்ந்து பார்த்தாள். குடிக்க ஆரம்பித்தாள். ராஜாவின் முதுகு எரிந்தது. நெற்றியில் வேர்வை கிளம்பி மூக்கு நுனியில் தொங்கியது. துடைக்கலாமென்றால் கை பின்னால் கட்டியிருந்தது. முட்டி வேறு வலித்தது. ராணி வேண்டுமென்றே இரண்டு சாண் வடக்கே நகர்ந்தாள். ராஜாவும் நகர்ந்தார். தெற்கே நகர்ந்தாள். ராஜாவும் நகர்ந்தார்.

"இன்னும் கொஞ்சம் கஞ்சி ஊற்று" என்றாள் பேராச்சியிடம்.

"ஊத்துதேன் தாயி. மெல்லக் குடிங்க. அவுகளுக்கு இதெல்லாம் பழகணும்லா."

ராணி சிரித்துவிட்டாள். கருவாட்டைக் கடித்தபடி, வாய் கொள்ளாமல் சிரித்தாள்.

பிரதானிக்குப் பொறுக்கவில்லை. "இது என்ன கூத்து? பரிசு எங்கே?"

"அரசியார் மேல் கிடக்கிறதே, தெரியவில்லையா?" என்றான் மாடக்கண்ணு. "தராசை வையுங்கள்."

பிரதானி தராசைத் தூக்கி நிறுத்தினார். மாடக்கண்ணு அதன் ஒரு தட்டை ராஜாவின் நிழலுக்குள் தள்ளினான். முள் அசையவில்லை.

"கையால் கொடுத்தாரா? இல்லை. வாயால் சொன்னாரா? இல்லை. கண்ணுக்குத் தெரிகிறதா? கப்பல்காரரைக் கேளுங்கள், எந்தத் தேசத்திலாவது இதைப் பார்த்தாரா என்று."

கப்பல் தலைவன் தலையை ஆட்டினான். "இல்லை ஐயா, நான் பார்த்ததில்லை."

"நிழல் சூரியனால் வருவது! மன்னர் தந்ததாக எப்படி ஆகும்?" என்று பிரதானி கத்தினார்.

"சூரியன் கொடுத்தது வெயில், பிரதானி. மறைத்து நின்றது ராஜா."

கூட்டத்திலிருந்து உண்ணாமுலையின் குரல் வந்தது. "ஏங்க, இந்தத் தராசை வீட்டுக்குக் கொண்டு வாங்க. இருபத்தாறு வருஷமா எனக்கு எவ்வளவு வெயில் மறைச்சீங்கன்னு நிறுத்துப் பாப்போம்."

பிரதானி தராசைக் கீழே வைத்துவிட்டார்.

ராணி எழுந்து வந்தாள். ராஜாவின் மூக்கு நுனியில் தொங்கிய வேர்வையைத் தன் முந்தானையால் துடைத்தாள். "இருபது வருஷத்தில் என் பக்கத்தில் நீங்கள் இவ்வளவு நேரம் சும்மா நின்றதே கிடையாது" என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு சபை கேட்கும்படி, "பரிசை ஏற்றுக்கொண்டேன்" என்றாள்.

ராஜா அப்போதுதான் வாயைத் திறந்தார். "அப்படியானால் அடுத்த பானையில் குச்சி வருமா?"

"மிளகாயைக் குறைத்துப் போடுகிறேன்."

ராஜா உப்பளம் அதிரச் சிரித்தார். பாத்தியில் நின்ற கொக்கெல்லாம் பறந்தன. "மாடக்கண்ணு! நீ எங்கும் போக வேண்டாம். என்ன வேண்டும், கேள். பொன்னா, நிலமா?"

மாடக்கண்ணு பேராச்சியைப் பார்த்தான். அவள் வெடித்த காலை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, சூடு தாங்காமல் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தாள்.

"மன்னவா, அரை நாழிகை நின்றீர்கள். எப்படி இருந்தது?"

"முதுகு வெந்துவிட்டது, அப்பா."

"இங்கே மரம் முளைக்காது மன்னவா. கொட்டகை முளைக்கும்."

நாலு பாத்திக்கு ஒரு ஓலைக் கொட்டகை போட ராஜா அங்கேயே ஆணையிட்டார். ஓலை வெட்டி வந்து சேரும் வரை மேற்பார்வை பிரதானிக்கு, வெயிலில் நின்றபடி. காலுக்குப் புன்னை எண்ணெய் அரண்மனையிலிருந்து குடம் குடமாக வந்தது. வருஷத்தில் அந்த ஒரு நாள், அந்த நாட்டு ஆண்கள் எல்லாரும் பெண்டாட்டி சாப்பிட வெயில் மறைத்து நிற்பது என்றும் ஏற்பாடாயிற்று. கப்பல் தலைவன் அதையும் எழுதிக்கொண்டு போனான். போன இடமெல்லாம் சொல்லியிருப்பான்.

கொட்டகை போட்ட மறுநாள், கஞ்சி வேளை. பேராச்சி உள்ளே உட்கார்ந்தாள். மாடக்கண்ணு பழக்க தோஷத்தில் கிழக்கே போய் நின்றான்.

"அங்க என்ன நிக்கீரு? அதான் ஓல கிடக்குல்லா மேல. வந்து உக்காரும்."

அவன் வந்து உட்கார்ந்தான். எங்கே கை வைப்பது என்று தெரியாமல் முட்டியில் வைத்துக்கொண்டான். அவள் கலயத்தை நடுவில் நகர்த்தி வைத்தாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில், அந்தக் கஞ்சியை இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து குடித்தது அன்றைக்குத்தான்.