முதலாளி பேரனுக்கு ஒரு கை மிட்டாய்

சத்துணவுச் சமையல்காரி குருவம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாதிப் பிள்ளைகள் சொத்தைப்பல் வலியில் சோறு மெல்ல முடியாமல் தவிக்க, மிட்டாய்க் கம்பெனி முதலாளி ரத்தினசபாபதி பள்ளி ஆண்டுவிழாவில் மூட்டை மூட்டையாக மிட்டாய் இறக்கியிருந்தார்.

"இது பல்லை அரிச்சிடும். தின்னா உடனே வாய் கொப்புளிங்க, ராத்திரி பல்லு விளக்காமப் படுக்காதீங்க" என்று அவள் பிள்ளைகளிடம் சொன்னது அவர் காதில் விழுந்தது. மேடைக்குக் கூப்பிட்டு மைக்கிலேயே அதட்டினார்.

"என் மிட்டாயா பல்லைக் கெடுக்குது? இப்பவே நிரூபி. இல்லேன்னா மேலிடத்துல சொல்லி உன்னை வேலையை விட்டுத் தூக்கிடுவேன்!"

"தப்பாச் சொல்லிட்டேன், ஐயா" என்றவள், ஒரு கை மிட்டாயை அள்ளி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் பேரனிடம் நீட்டினாள். "நீ சாப்பிடு கண்ணு."

முதலாளி பதறி அவள் கையைத் தட்டிவிட்டார். "ஏய், பிள்ளையோட பல்லு என்னத்துக்கு ஆகும்?"

அது மைக்கில் ஊருக்கே கேட்டது.

"அப்ப இந்தப் பிள்ளைங்க வாயில இருக்கிறது என்ன, கல்லா?" என்றாள் குருவம்மா.

மூட்டைகள் வந்த வண்டியிலேயே திரும்பிப் போயின.